ரூட்டுக்கு வந்த 176 கடிதங்கள்

2022 நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. செத்தல் மிளகாயும் பருப்பும் மொத்தமாக விற்கிற கடை. அங்கே பின்னறையில் கணக்கு வழக்குப் பார்க்கிற கணினியை 2017இல் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். பேசியது கணக்கப்பிள்ளை.

"தம்பி, மெசின் நிண்டிட்டுது. பில் அடிக்கேலாமக் கிடக்கு. முன்னுக்கு ஆக்கள் நிக்கினம், முதலாளி என்னைப் பேசுறார். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் பிடித்துப் போய்ச் சேரும்வரை நான் பெரிதாகப் பயப்படவில்லை. அந்தக் கணினிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ரெய்ட் ஒன்று என்று சொல்வார்கள். ஒன்று செத்தாலும் மற்றது கடையைக் காப்பாற்றும். அதற்காகத்தான் முதலாளியிடம் பேசி இரண்டாவது வட்டுக்குக் காசு வாங்கியிருந்தேன்.

போய்ப் பார்த்தால் இரண்டுமே போயிருந்தன. ஒன்று முற்றாக இறந்துவிட்டது. மற்றது இழுத்துக்கொண்டு கிடந்தது. இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, இழுத்துக்கொண்டிருந்ததிலிருந்து துண்டு துண்டாகப் பிரதியெடுக்க விட்டேன். இரண்டு இரவு ஓடியது. ஐந்து வருடக் கணக்கு வந்துவிட்டது. கடைசி 11 நாள் விற்பனை மட்டும் வரவில்லை. கணக்கப்பிள்ளை பில் புத்தகத்தின் அடித்தாளைப் பார்த்து அதைத் திரும்ப ஏற்றினார்.

மீட்ட கோப்புகளைப் பிரித்து அடுக்கும்போது ஓர் அஞ்சற்பெட்டிக் கோப்பு கண்ணில் பட்டது. கணக்கப்பிள்ளையின் பயனர் பெயரில் இருந்தது. திறந்தேன். உள்ளே 176 மின்னஞ்சல் கடிதங்கள். முதலாவதின் திகதி 2022 ஏப்ரல் 6. கடைசி நவம்பர் 28, அதாவது எனக்குப் போன் வருவதற்கு முதல் நாள். எல்லாவற்றிலும் ஒரே சங்கதி: வட்டுச் சோடியில் ஒன்று விழுந்துவிட்டது, மற்றதை மட்டும் வைத்து ஓடிக்கொண்டிருக்கிறேன். வட்டுகளைக் கண்காணிக்கும் எம்டிஅட்ம் என்ற நிரல், கடை திறந்த ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. அந்த நிரலை எழுதியவர்கள் கடிதத்தின் அடியில் முறைப்படி ஒரு கையொப்ப வரியையும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த உத்தியோகக் கடிதத்தில் வருகிற "இங்ஙனம், உண்மையுள்ள" என்பதன் ஆங்கில வடிவம். உண்மையோடுதான் எழுதியிருக்கிறது. எட்டு மாதம்.

முதல் வட்டு விழுந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வந்து வந்து போன மின்சாரத்தில்தான் அந்த வட்டு செத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அன்றைக்கே ஒரு சொல் எங்கள் காதில் விழுந்திருந்தால், வட்டு விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் ஒன்றை வாங்கிப் போட்டிருப்போம். கணக்கப்பிள்ளையிடம் கடிதங்களைக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கோ எழுதினது?" என்று கேட்டார். "நான் ஒருநாளும் காணேல்லையே தம்பி."

அவர் காண வழியே இருக்கவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கணினிக்காரர்களுக்கிடையே பழைய வாதம் ஒன்று உண்டு. ஓர் இயங்குதளம் "தரத்துக்கு ஏற்றது" என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அதில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் கட்டாயம் இருக்க வேண்டுமா? சேர்வருக்குச் சரி. வீட்டிலும் கடையிலும் மேசைமேல் இருக்கிற டெஸ்க்டொப் கணினிக்கு எதற்கு? லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பலர் பல வடிவில் தொகுத்து வெளியிடுகிறார்கள். அந்த விநியோகங்களெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று 2001இல் வந்த லினக்ஸ் ஸ்டான்டர்ட் பேஸ் என்ற தரம், அஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் என்ற கட்டளை ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும் என்றது. சென்ட்மெயில் மென்பொருளே வேண்டும் என்பதில்லை. அதே வேலையைச் செய்யும் எக்ஸிம் ஆகலாம், போஸ்ட்ஃபிக்ஸ் ஆகலாம். அந்தப் பெயரில் கூப்பிட்டால், கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்க வேண்டும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கென்று அதற்கும் முந்தி வந்த பொசிக்ஸ் தரம், அஞ்சல் அனுப்ப மெயில்எக்ஸ் என்ற கட்டளையைக் கேட்கிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன்மேல் கோபம் குறையும். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் பிறந்த காலத்தில் ஒரு கணினி, அதைச் சுற்றிப் பல பேர். ஒவ்வொருவரும் ஒரு முனையத்தில் இருந்து உள்ளே வருவார்கள். வந்ததும் "உங்களுக்குக் கடிதம் இருக்கிறது" என்று ஒரு வரி தெரியும். ரூட் என்பது கணினியின் முழு அதிகாரமும் உள்ள பயனர் கணக்கு. அன்று அது வெறும் கணக்கின் பெயராக இருக்கவில்லை. அந்த அறையில் கதிரை போட்டு இருக்கிற ஓர் ஆள். காலையில் வந்து தனக்கு வந்த கடிதங்களைப் படிப்பது அவருடைய வேலை. இரவில் தானாக ஓடும் வேலைகளைக் கவனிக்கும் கிரொன், அவற்றின் வெளியீட்டை அஞ்சலில் போட்டுவிடும். யாரோ படிப்பார்கள் என்பது உறுதி. ரூட்டின் அதிகாரத்தோடு வேலைசெய்ய விடும் சூடோ கட்டளையை உரிமையில்லாத ஒருவர் பாவித்தால், அன்று "இச்சம்பவம் அறிவிக்கப்படும்" என்று சொல்லும், அறிவிப்பு ரூட்டின் அஞ்சற்பெட்டிக்குப் போகும். எல்லாம் அந்த ஒரு ஆளை நம்பிக் கட்டியது.

பொசிக்ஸ் தரத்தை எழுதியவர்கள் மெயில்எக்ஸை ஏன் வைத்தோம் என்பதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார்கள். யாரும் முன்னால் இல்லாமல் தானாக ஓடுகிற ஒரு நிரல், பிழையையோ பெறுபேற்றையோ ஒரு குறிப்பிட்ட மனிதருக்குச் சொல்ல வழி வேண்டும் என்று தாங்கள் உறுதியாக நினைத்ததாகச் சொல்கிறார்கள். அந்த இடத்தை வாசிக்கும்போது நாலாம் குறுக்குத் தெரு ஞாபகம் வந்து மனம் கனத்தது. எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுவேதான். ஆனால் அதே பந்தியிலேயே, கடிதம் எந்த வடிவில் இருக்கும், எப்படிப் போய்ச் சேரும், எப்படிப் படிப்பது என்பதெல்லாம் தரத்தின் எல்லைக்கு வெளியே என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் சுவரோடு 24 தபாற்பெட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் துருப்பிடித்துவிட்டன. சிலவற்றின் திறப்பு எங்கே என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாது. தபால்காரர் வருகிறார், போடவேண்டியதைப் போடுகிறார், போகிறார். கட்டடம் கட்டும்போது மாநகரசபை விதி எதுவும் மீறப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி உண்டு. கணக்கப்பிள்ளையின் அஞ்சற்பெட்டியும் அப்படித்தான் இருந்தது. ரெய்ட் கருவியோடு எக்ஸிம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரூட்டுக்கு வருவதை டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் வழக்கப்படி முதல் பயனருக்குத் திருப்பிவிட்டது. அந்த முதல் பயனர் கணக்கப்பிள்ளை. எல்லாம் ஒழுங்கு. ஆனால் "கடிதம் இருக்கிறது" என்ற வரி, கறுப்பு முனையத்தில் நுழைகிறவருக்கு மட்டுமே தெரியும். அவர் காலையில் படம் போட்ட திரையில் கடவுச்சொல்லை அடித்து உள்ளே போகிறவர். ஐந்து வருடத்தில் ஒருநாளும் முனையத்தைத் திறந்ததில்லை. திறக்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

டெஸ்க்டொப்புக்கு அஞ்சல் மென்பொருள் வேண்டாம் என்கிற எதிர்த்தரப்பு சொல்வதும் நியாயம். மனிதர்கள் அனுப்பும் அஞ்சலுக்கு இந்த மென்பொருள் இப்போது தேவையே இல்லை. தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் நிரல் தானே நேராகச் சேவை வழங்குநரின் சேர்வரோடு பேசிக்கொள்கிறது. மற்றவர்கள் உலாவியில் திறக்கிறார்கள். பாதுகாப்புப் பக்கம் பார்த்தால், 1988 நவம்பர் 2ஆம் திகதி இணையத்தில் பரவிய மொரிஸ் புழு என்ற நாசநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயிலின் பிழைதிருத்த வாசல். சும்மா கிடக்கிற அஞ்சல் மென்பொருள் ஒவ்வொன்றும் பூட்டவேண்டிய இன்னொரு கதவு.

வீட்டு இணைப்பிலிருந்து நேராக அனுப்பினாலும் போய்ச் சேராது. கொழும்பு வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் கிடைப்பது அடிக்கடி மாறுகிற இணைய முகவரி. குப்பை அஞ்சலைத் தடுக்க ஸ்பாம்ஹவுஸ் போன்றவர்கள் வைத்திருக்கும் பட்டியல்களில் இப்படிப்பட்ட வீட்டு முகவரிகள் மொத்தமாக இருக்கும். அஞ்சல் சேர்வர்கள் தங்களுக்குள் கடிதம் பரிமாறும் வாசலான 25ஆம் போர்ட்டில் வரும் கடிதத்தைப் பெறுகிற பக்கம் முகத்திலேயே கதவைச் சாத்திவிடும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று அனுப்புநரை உறுதிப்படுத்தும் சான்றுகளும் வேண்டும். மிளகாய்க் கடைக் கணினியிடம் அதெல்லாம் எங்கே?

அதோடு அந்த நிறுவல் கேள்வி. அந்நாட்களில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் விநியோகத்தில் ரெய்ட் கருவியைக் கேட்டால், திடீரென்று ஒரு திரை வந்து உங்கள் அஞ்சல் அமைப்பு எந்த வகை என்று கேட்கும்: இணையத் தளமா, இடைச் சேர்வர் வழியா, துணைக்கோள் முறையா, உள்ளூர் மட்டுமா? வட்டுப் பொருத்த வந்தவனுக்கு இந்தக் கேள்வியின் தலையும் புரியாது, வாலும் புரியாது. அநேகமானவர்கள் ஏதோ ஒன்றைத் தெரிவுசெய்து கடந்துவிடுவார்கள். நானும் அவசரத்தில் பலமுறை "உள்ளூர் மட்டும்" என்று அழுத்தியிருக்கிறேன். 2017இல் அந்தக் கடையிலும் அதே தெரிவுதான்.

ஆகவே உலகம் மெல்ல மெல்ல இந்த விதியைக் கைவிட்டது. ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகம் 2013இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து சென்ட்மெயிலைத் தானாக நிறுவுவதில்லை. டெபியன் 2015இல் லினக்ஸ் ஸ்டான்டர்ட் பேஸோடு ஒத்துப்போகும் முயற்சியையே விட்டது. உபுண்டு டெஸ்க்டொப்பில் அஞ்சல் மென்பொருள் இயல்பாக வருவதில்லை. யுனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 2023இல் வந்த 14ஆம் பதிப்பு, பல பத்தாண்டுத் தோழமையான சென்ட்மெயிலை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிட்டு டிஎம்ஏ என்ற சின்னஞ்சிறு அஞ்சல் முகவரை, அதாவது கடிதத்தை வாங்கி அனுப்பும் மென்பொருளை, வைத்தது. இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு அந்தக் கடைசிதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விதி போனதும் என்ன நடந்தது? அதையும் அதே கடையில் பார்த்தேன். 2023 தையில் அவர்களுக்குப் புதுக் கணினி அமைத்தேன், உபுண்டு டெஸ்க்டொப். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குக் கணக்கை வெளி வட்டொன்றுக்குப் பிரதியெடுக்கக் கிரொனில் ஒரு வேலை வைத்தேன். ஆறு கிழமை கழித்து வேறு விஷயமாகப் போனபோது பார்த்தால் வெளி வட்டு நிறைந்து, மூன்று கிழமையாகப் பிரதி ஓடவில்லை. கணினி நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேட்டைத் தோண்டினேன். ஒவ்வொரு பின்னேரமும் கிரொன் ஒரே வரியை எழுதியிருந்தது: அஞ்சல் முகவர் நிறுவப்படவில்லை, வெளியீட்டைக் கைவிடுகிறேன்.

அந்த வரியை வாசித்தபோது நெஞ்சு திக்கென்றது. முந்திய கணினி கடிதம் எழுதிப் பெட்டிக்குள் போட்டது, யாரும் திறக்கவில்லை. இந்தக் கணினி எழுதிய கையோடு கிழித்துப் போட்டது. முந்தியதில் குறைந்தது, எப்போது வட்டு விழுந்தது என்றாவது பிறகு எனக்குத் தெரிந்தது.

எல்லாம் பதிவேட்டில் இருக்கிறதே, பிறகென்ன என்று சிலர் கேட்பார்கள். பதிவேட்டில் இருப்பது உண்மை. ஆனால் பதிவேடு யாரோ தேடிப் போகும்போது பேசுவது. கடிதம் தானாக ஆளைத் தேடி வருவது. ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டில் காலில் தொங்கும் அட்டையில் காய்ச்சல் ஏறியதை எழுதிவைப்பது ஒன்று, டொக்டரைக் கூப்பிடுவது இன்னொன்று. திரையின் மூலையில் சின்னப் பெட்டியாக எழும்பி மறையும் அறிவிப்பும் போதாது. பின்னேரம் ஆறு மணிக்குக் கணக்கப்பிள்ளை கோட்டையில் ரெயிலுக்கு நிற்பார். அந்தப் பெட்டி யாருக்கு எழும்பும்? பின்னணியில் ஓடும் சேவைக்குத் திரைக்கு முன்னால் யார் இருக்கிறார் என்றே தெரியாது.

கடித முறையில் இன்னொரு குணம் இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மின்னஞ்சல் வந்தது லேர்ன்மெயில் வழியாக. மொரட்டுவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முயற்சி அது. எந்நேரமும் இணைந்திருக்கும் வழி அன்று இல்லை. கடிதங்களைக் கணினி சேர்த்து வைத்திருக்கும். தொலைபேசி இணைப்புக் கிடைத்ததும் கட்டாக அனுப்பும். சேர்த்துவைத்து, வழி கிடைத்ததும் அனுப்புவது, கிடைக்காவிட்டால் திரும்ப முயல்வது, இந்தப் பொறுமைதான் அஞ்சல் முகவரின் உயிர். 2022இல் கரண்டும் இல்லாமல் தொலைபேசிக் கோபுரங்களும் படுத்திருந்த நாட்களில், இணைப்பு இல்லையென்றால் உடனே கைவிட்டுவிடுகிற நிரல்கள் எல்லாமே ஊமையாகிவிட்டன. வரிசையில் காத்திருக்கத் தெரிந்தவை மட்டுமே பேசின. நம்மைப் போன்ற ஊருக்கு இந்தக் குணம் மிக முக்கியம். இதைத் தூக்கியெறிந்துவிட்டு எல்லாவற்றையும் நேரடியாக மேகத்துக்கு, அதாவது இணையத்திலுள்ள சேவைகளுக்கு, அனுப்பலாம் என்கிறவர்கள், கரண்ட் போகாத நாட்டில் இருந்து யோசிக்கிறார்கள் என்று எனக்குப் படும்.

ஆகவே என் கட்சி இது. டெஸ்க்டொப் கணினியில் முழு அஞ்சல் சேர்வர் இருக்க வேண்டும் என்று எந்தத் தரமும் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாயப்படுத்தியதால் கிடைத்தது 24 தபாற்பெட்டிகள் மட்டும். ஆனால் எந்த நிரலும் கூப்பிடக்கூடிய ஒரு கட்டளை இருக்க வேண்டும், கொடுத்த சேதியை அது தொலைக்காமல் வரிசையில் வைத்திருக்க வேண்டும். அதற்கு டிஎம்ஏ அளவுச் சின்னப் பொருள் போதும். வெளியிலிருந்து யாருக்கும் கதவு திறக்காது, உள்ளிருந்து வருவதை வாங்கி, நீங்கள் சொன்ன சேர்வரிடம் 587ஆம் போர்ட்டில் கடவுச்சொல்லோடு கொடுத்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியின் முடிவு பிடித்ததற்குக் காரணம் இதுதான். அவர்கள் பாரத்தைக் குறைத்தார்கள், வாயை அடைக்கவில்லை.

அதைவிட முக்கியமானது, நிறுவும்போது கேட்கவேண்டிய ஒரு கேள்வி. இயங்குதளம் நிறுவும்போது என்னவெல்லாம் கேட்கிறது? மொழி என்ன, விசைப்பலகை எது, நீங்கள் இருக்கும் இடம் கொழும்பா, உங்கள் பெயர் என்ன, இந்தக் கணினிக்கு என்ன பெயர். இதில் ஒரு வரியைச் சேர்க்க முடியாதா: "ஏதாவது பழுது வந்தால் நான் யாருக்குச் சொல்ல வேண்டும்?" ஒரு மின்னஞ்சல் முகவரியோ போன் இலக்கமோ. யாருக்கும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அழுத்தட்டும், ஆனால் தெரிந்து அழுத்தட்டும். எழுதிக் கொடுத்ததும் அங்கேயே ஒரு சோதனைக் கடிதம் போய், "கிடைத்தது" என்று அந்த மனிதர் சொன்ன பிறகுதான் நிறுவல் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இணைப்பு இல்லாத இடமானால் முதல் இணைப்பில் அதைச் செய்யட்டும். கட்டளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தேர்வு வைப்பது தரம் எழுதுகிறவர்களுக்குச் சுலபம் என்பது எனக்கு விளங்குகிறது. இதையும் சோதிக்க முடியும்.

தரம் மாறும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை. 2023 மாசியில் அந்தக் கடைக் கணினியில் சின்ன அஞ்சல் முகவர் ஒன்றை வைத்தேன். கடைக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கொன்று திறந்து, அதன் வழியாக அனுப்பச் செய்தேன். ரூட்டுக்கு வருவதெல்லாம் கணக்கப்பிள்ளையின் போனுக்கும் எனக்கும் வரும். வட்டின் நிலை, பிரதி ஓடியதா, எவ்வளவு இடம் மிச்சம் என்பதைத் தமிழில் மூன்று வரியாக எழுதும் ஒரு சிறு நிரலும் போட்டேன். பழுது வந்தால் உடனே எழுதும். பழுது இல்லாவிட்டாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 8.05க்கு ஒரு கடிதம் வரும். இதைக் கணக்கப்பிள்ளைதான் கேட்டு வாங்கினார். "ஒண்டும் வரேல்லையெண்டா சுகமா இருக்குதோ, வாய் அடைச்சுப் போச்சுதோ எண்டு எனக்கெப்பிடித் தம்பி தெரியும்?" என்றார். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, எட்டரைக்கு அவர் போன் எடுத்தார்.

"தம்பி, இண்டைக்கு இன்னும் கடிதம் வரேல்லை. வட்டு ஏதும்…?"

"மெசின் ஓடுதோ அண்ணை?"

"ஓடுது. பில்லும் அடிக்குது."

"ரவுட்டரில லைட் எரியுதோ எண்டு பாருங்கோ."

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம், யாரோ சிங்களத்தில் விலை கேட்கிற சத்தம். திரும்பி வந்து சொன்னார்: புதிதாக வந்த பெடியன் தேத்தண்ணி வைக்க ரவுட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேத்திலைச் செருகியிருக்கிறான். திரும்பக் குத்தச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு முன்பே கடிதம் எனக்கும் வந்தது. வட்டு இரண்டும் சுகம், சனிக்கிழமைப் பிரதி முடிந்தது, வெளி வட்டில் பாதி இடம் மிச்சம். எழுதிய நேரம் 8.05 என்று போட்டிருந்தது.